ஒரு எழுத்து மாறிப் போனால்...



மலரைப் புரட்டிக்கொண்டே வருகிறீர்கள். கவிதைகளைத் தாண்டி, சிரிப்புத் துணுக்குகளைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வந்ததும், "ரத்தம், ஜீன்" என்ற சொற்களைப் பார்த்து "இது நமக்கில்லைப்பா" என்று திருப்பப் போகும் மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து நிமிடம் பொறுங்கள். இதில் உங்கள் பாடமும் கொஞ்சம் வருகிறது.

எங்கள் மெடிக்கல் லேப் டெக்னாலஜி இரண்டாம் ஆண்டு பயாலஜி வகுப்பில் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பரம்பரை நோயைக் கொடுத்து, படித்து வந்து 20 நிமிடம் பேசச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஒரு குழுவுக்கு ஹீமோபிலியா, இன்னொன்றுக்கு நிறக்குருடு, அடுத்ததற்கு தலசீமியா. எங்களுக்கு விழுந்தது கதிர் அரிவாள் சோகை. ஆஸ்பத்திரி வட்டாரத்தில் 'சிக்கிள் செல்' என்றால்தான் புரியும். "ஆப்பிரிக்கா வியாதிதானே, நெட்ல நிறைய கிடைக்கும், ஒரே ராத்திரியில முடிச்சிடலாம்" என்றான் குழுவில் ஒருவன். மூன்று வாரம் ஆயிற்று. ஆப்பிரிக்கா வரைக்கும் போகவே வேண்டாம், நீலகிரிக்குப் பஸ் ஏறினால் போதும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது. இந்தியாவில் இந்த ஜீன் இருப்பது முதன்முதலில் வெளியுலகுக்குத் தெரிந்ததே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைகளை வைத்து எழுதினார்கள். இருளர், குறும்பர், பணியர் என்று நாம் பத்தாம் வகுப்பில் பெயர்களாக மட்டும் மனப்பாடம் செய்த மக்கள்.

சரி, நோய் என்ன?

நம் ரத்தச் சிவப்பணு நடுவில் அமுங்கிய வட்ட வடை மாதிரி இருக்கும். ஏறத்தாழ 8 மைக்ரான் அகலம். உடம்பில் அதைவிடக் குறுகலான ரத்தக் குழாய்கள் உண்டு. அணு மெத்தென்று வளைந்து நெளிந்து அவற்றில் நுழைந்து வெளியே வந்துவிடும். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் கோடிக்கணக்கான ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய், தேவைப்படும் இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிள் செல் நோயாளியின் ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை ஒழுங்காகத்தான் ஏற்றுகிறது. சரக்கை இறக்கியபின்தான் வம்பு. வெறும் லாரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளக் கம்பிகளாகிவிடுகின்றன. கம்பிகள் உள்ளிருந்து தள்ள, வட்ட அணு கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துவிடுகிறது. விறைத்த அணு குறுகிய குழாயில் மாட்டிக்கொள்ளும். பின்னால் வருவதும் மாட்டும். அந்த இடத்துக்கு அப்பால் ரத்தம் போகாது. எலும்புக்குள் இது நடந்தால் வருகிற வலியைத் தாங்க முடியாமல் பெரியவர்களே கதறுவார்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இதுவோ 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். சோகையும் கண்ணில் மஞ்சளும் அதனால்தான்.

இதற்கெல்லாம் காரணம் என்ன தெரியுமா? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 கண்ணிகள். அதில் ஆறாவது கண்ணி குளுட்டமிக் அமிலமாக இருக்க வேண்டும். இவர்களுக்கு அது வாலின். அவ்வளவே. டி.என்.ஏ. மொழியில் சொன்னால் ஜி.ஏ.ஜி. என்று இருக்க வேண்டியது ஜி.டி.ஜி. ஆகிவிட்டது. சுமார் 300 கோடி எழுத்து கொண்ட புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்து! மெக்கானிக்கல் நண்பர்களே, டிராயிங்கில் ஒரு டைமென்ஷன் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு தனி சுவாரஸ்யம். 1904-ல் கிரெனடா தீவிலிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் பல் மருத்துவம் படிக்க ஒரு மாணவர் போனார். பெயர் வால்டர் கிளெமன்ட் நோயல், வயது 20. மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற பயிற்சி டாக்டர். விசித்திர வடிவ அணுக்களைக் கண்டு தன் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். ஹெரிக் 1910-ல் கட்டுரை எழுதி உலகப் புகழ் பெற்றார். கட்டுரையில் அயர்ன்ஸும் ஆசிரியராக இல்லை, நோயலின் பெயரும் இல்லை. நோயாளியின் பெயரை மறைப்பது முறைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்லைடை முதலில் பார்த்தவரை உலகம் மறந்தது லேப் டெக்னீஷியன் ஆகப்போகிற எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது! நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916-ல் இறந்தார். 32 வயதுதான்.

1949-ல் லைனஸ் பாலிங் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எலக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்க! திரவத்தில் ஹீமோகுளோபினை வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். நோயாளியின் ஹீமோகுளோபின் மற்றவர்களுடையதைவிட வேறு வேகத்தில் நகர்ந்தது. குளுட்டமிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, வாலினுக்கு இல்லை. அந்த வித்தியாசம்தான் வேகத்தில் தெரிந்தது என்பது பின்னால் புரிந்தது. மூலக்கூறில் இருக்கும் கோளாறே நோய்க்குக் காரணம் என்று உலகம் பார்த்த முதல் நோய் இது. எந்தக் கண்ணி என்று துல்லியமாகச் சொன்னவர் கேம்பிரிட்ஜில் இருந்த வெர்னான் இங்க்ராம், 1956-57-ல். புரோட்டீனை டிரிப்ஸின் என்ற என்ஸைமால் சிறு துண்டுகளாக வெட்டி, வடிதாளில் பரவவிட்டு, நின்ஹைட்ரின் தெளித்தார். நாமும் லேபில் தெளித்து விரலையெல்லாம் ஊதாவாக்கிக்கொள்கிறோமே, அதே நின்ஹைட்ரின்தான்! தாளில் சுமார் 30 புள்ளிகள். அதில் ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது.

இதுவரை படித்ததை வைத்தே 20 நிமிடம் பேசிவிடலாம், மார்க்கும் வந்துவிடும். நாங்களும் சார்ட்டில் அரிவாள் அணுவைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழகாக வரைந்து முடித்திருந்தோம். ஆனால் அதற்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, அனுமதி வாங்கி ஒரு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனோம். அங்கிருந்த சீனியர் அண்ணன் சிக்கிளிங் டெஸ்ட் எப்படிச் செய்வது என்று காட்டினார். ஒரு சொட்டு ரத்தத்தோடு இரண்டு சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் ஒரு சொட்டு. மேலே கவர் ஸ்லிப் வைத்து ஓரங்களை வாஸலின் தடவி அடைத்துவிட வேண்டும். காற்று போகக் கூடாது. ரசாயனம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, சற்று நேரத்தில் அணுக்கள் வளைகின்றன. அடுத்து சொலுபிலிட்டி டெஸ்ட். சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் ரத்தத்தை விட்டு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடித்தால், நல்ல ரத்தத்தில் கோடு தெரியும். சிக்கிள் ஹீமோகுளோபின் இருந்தால் கரைசல் கலங்கிக் கோடு மறையும்.

"கோடு தெரியல. நோயாளியா?" என்று கேட்டார் அண்ணன்.

நாங்கள் நால்வரும் தலையாட்டினோம். அவர் சிரிக்கவில்லை. "அதைத்தான் இந்த டெஸ்ட் சொல்லாது தம்பி. கடத்திக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். ஹெச்.பி.எல்.சி. போட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. இங்க ஒரு வார்த்தை தப்பா சொன்னா, ஊர்ல ஒரு கல்யாணம் நின்னுடும்" என்றார்.

கடத்தி! எலக்ட்ரிகல்காரர்களுக்குக் கடத்தி என்றால் செம்புக் கம்பி. எங்களுக்குக் கடத்தி என்பவர் இரண்டு ஜீன்களில் ஒன்று நல்லது, ஒன்று மாறியது என்று வைத்திருப்பவர். நம் எல்லோருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. இரண்டும் மாறியிருந்தால்தான் இந்த நோய். ஒன்று மட்டும் மாறியிருந்தால் ரத்தத்தில் சுமார் 40 சதவீதம் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கும், மீதி நல்லது. அந்த மனிதர் கபடி ஆடலாம், மூட்டை தூக்கலாம், 80 வயது வாழலாம். பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் கடத்தி என்பதே தெரியாது.

இரண்டாவது விஷயம் ஹாஸ்டல் ஸ்டடி ஹாலில் நடந்தது. கடைசி ஸ்லைடுக்கு 'தடுப்பு முறைகள்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழ் 'சிக்கிள் செல் உள்ளவர்களோடு திருமண உறவைத் தவிர்த்தல்' என்று டைப் செய்தான் ஒருவன். நெட்டில் அப்படித்தான் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தது. எங்கள் குழுவில் ஒருத்தி கூடலூர்ப் பக்கம். அதிகம் பேச மாட்டாள். அதைப் பார்த்துவிட்டு, "யாரை யார் தவிர்க்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

யாருக்கும் பதில் வரவில்லை. அவளுக்கு உண்டா, அவள் வீட்டில் யாருக்காவது உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்கக் கூடாத கேள்வி அது என்பது அந்த நேரத்தில் எங்களுக்கே புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் தேடியது மூலக்கூறை அல்ல, அந்த ஒரு கேள்விக்கான விடையைத்தான்.

தேடியதில் கிடைத்தது ஆச்சரியமாகவும் வருத்தமாகவும் இருந்தது. மேலே சொன்னேனே, லைனஸ் பாலிங்... இரண்டு நோபல் பரிசு பெற்றவர், அதில் ஒன்று அமைதிக்கு! அந்த மேதை 1968-ல் ஒரு யோசனை எழுதினார். கடத்திகளான இளைஞர்களின் நெற்றியில் ஒரு அடையாளத்தைப் பச்சை குத்திவிட வேண்டுமாம். ஒரே அடையாளம் உள்ள இருவர் ஒருவரையொருவர் பார்த்ததும் காதலில் விழாமல் விலகிவிடுவார்களாம். குழந்தைகள் வலியில் துடிக்கக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான். ஆனால் நெற்றியில் குத்திய பச்சையைக் காதலன் காதலி மட்டுமா பார்ப்பார்கள்? வேலை கொடுப்பவர் பார்ப்பார், வாடகைக்கு வீடு கொடுப்பவர் பார்ப்பார்.

பச்சை குத்தவில்லை. ஆனாலும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. கடத்திக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் புரியாமலே சட்டம் போட்டவர்களும் உண்டு. நல்ல ஆரோக்கியமாக இருந்த கடத்திகளுக்கு இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டது, வேலை மறுக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படை அகாடமி கடத்திகளை 1981 வரை சேர்க்கவே இல்லை.

நம் நாட்டில் 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசம் ஷாடோலில் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 17 மாநிலங்களில், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. தமிழ்நாடும் அதில் ஒன்று. பரிசோதித்தவர்களுக்கு ஒரு அட்டை தருகிறார்கள். கல்யாணம் பேசும்போது இருவர் அட்டையையும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நெற்றியில் பச்சைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அட்டை பையில் இருக்கும், காட்டுவதும் காட்டாததும் அவரவர் விருப்பம் என்றேன் நான். "மாப்பிள்ளை வீட்டார் கேட்டா, பொண்ணு வீட்டார் காட்ட மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள் கூடலூர்த் தோழி. அதுவும் உண்மைதான். அட்டை நல்லதுதான், ஆனால் அதைப் படிக்கத் தெரியாத கையில் கிடைத்தால் அதுவும் பச்சை குத்தியதற்குச் சமம். ஆகவே அந்தக் கடைசி ஸ்லைடு எங்களுக்கு முதல் ஸ்லைடு ஆயிற்று. தலைப்பு: 'கடத்தி நோயாளி அல்ல.' அதைப் பேசியதும் அவள்தான்.

வகுப்பில் பரம்பரைக் கணக்கை எப்படிச் சொல்வது? கட்டம் போட்டு ஏ, எஸ் என்று எழுதினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நாங்கள் பூவா தலையா போட்டோம். இரண்டு பேரை முன்னால் அழைத்து, கையில் ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயம். இருவருமே கடத்திகள், கணவன் மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் பின் பெஞ்சில் ஒரே விசில்! தலை என்றால் நல்ல ஜீன், பூ என்றால் மாறிய ஜீன். இரண்டு நாணயத்தையும் சேர்த்துச் சுண்டினால் ஒரு குழந்தை. இரண்டும் பூ விழுந்தால் அந்தக் குழந்தைக்கு நோய். ஒரு பூ, ஒரு தலை என்றால் பெற்றோர் மாதிரியே கடத்தி. இரண்டும் தலை என்றால் ஒன்றுமில்லை. ஐந்து ஜோடிகள், ஜோடிக்கு நான்கு குழந்தைகள். ஒரு வீட்டில் நான்கு பேருக்கும் நோய் இல்லை. அடுத்த வீட்டில் மூன்று பேருக்கு! மூன்றாவது முறை இரண்டு பூ விழுந்தபோது விசில் நின்றுவிட்டது. "இது அநியாயம் மேடம்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

நாலில் ஒன்று என்பதை 'நாலு பிள்ளையில் ஒரு பிள்ளை' என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகச் சுண்டப்படுகிறது. முந்தைய முறை என்ன விழுந்தது என்று நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது. "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி அடுத்த மூணுக்கும் பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல் ஒருவர் மட்டும் கடத்தி, மற்றவரிடம் இரண்டும் நல்ல ஜீன் என்றால் எந்தக் குழந்தைக்கும் கதிர் அரிவாள் சோகை வராது. சில குழந்தைகள் கடத்தி ஆகலாம், அவ்வளவுதான். 'யாரை யார் தவிர்ப்பது' என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கடத்தியை யாரும் தவிர்க்க வேண்டியதில்லை. இருவருமே கடத்தி என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்போதும் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பரிசோதிக்க வழி உண்டு. குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவும் வழி உண்டு. முடிவு அவர்களுடையது. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோயோடு குழந்தை பிறந்தால் மருமகளைக் கைகாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு பூவில் ஒன்று அப்பா சுண்டியது ஐயா!

கேள்வி நேரத்தில் வந்தவற்றுள் நல்ல கேள்வி: "இவ்வளவு கெட்ட ஜீன் ஏன் அழியாம இருக்கு?" விடை மலேரியா. கென்யாவில் வளர்ந்த அந்தோணி அலிசன் 1954-ல் காட்டினார். கடத்திகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு உண்டு. மலேரியா குழந்தைகளைக் கொன்று குவித்த காட்டுப் பகுதிகளில் இந்த ஒரு எழுத்துப் பிழை உயிர் காத்தது. அதனால்தான் ஆப்பிரிக்காவிலும், நம் நாட்டில் மலேரியா மிகுந்திருந்த காட்டுப் பகுதிப் பழங்குடியினரிடமும் இது அதிகம். இரண்டு பிரதியும் மாறிய நோயாளிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு உதவுவதில்லை. அவர்களுக்கு மலேரியா வந்தால் ஆபத்து அதிகம். முன்னோரைக் காப்பாற்றிய ஜீனை எப்படி சாபம் என்பது?

மருந்து உண்டா என்றும் கேட்டார்கள். பிறந்த குழந்தைக்குச் சில மாதங்கள் வரை தொல்லை வராது. காரணம், கருவிலிருந்தபோது இருந்த வேறு வகை ஹீமோகுளோபின் ரத்தத்தில் மீதமிருக்கும். அதை மறுபடி சுரக்க வைக்கிற ஹைட்ராக்ஸியூரியா என்ற கேப்ஸ்யூல் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நம் நாட்டிலும் கொடுக்கிறார்கள். பலருக்கு வலி வரும் தடவைகள் குறைகின்றன. 2023-ன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஜீனையே திருத்துகிற கிரிஸ்பர் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப ஏற்றுவது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். ரூபாயில் கணக்குப் போட்ட நண்பன் கால்குலேட்டரை அணைத்துவிட்டான்.

கூடலூரில் ஒரு தாய்க்கு இப்போதைக்கு உதவுவது வேறு சாதாரண விஷயங்கள்தான். பிள்ளை தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குளிர் படக் கூடாது, மலைக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் அனுப்பக் கூடாது. காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. நிமோனியா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

ஹாஸ்டலில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. இந்த வலி வெளியே தெரியாது. பெரும்பாலும் வீக்கம் இருக்காது, கட்டு இருக்காது. நேற்று சிரித்துக்கொண்டிருந்தவன் இன்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காலேஜுக்கு வராவிட்டால் 'நடிக்கிறான்' என்ற பெயர் சுலபமாகக் கிடைக்கும். அப்படி ஒரு நண்பன் இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கம்பளியும் கொடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் வார்டனை எழுப்பி உடனே ஆட்டோ பிடியுங்கள்.

ஜூனியர்களுக்கு: எங்கள் சார்ட், பாசிமணியில் கோத்த பீட்டா சங்கிலி மாடல் இரண்டும் லேப் பீரோவின் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. 146 மணிகளையும் எண்ணிக் கோத்தது. ஆறாவது மணி மட்டும் பச்சை. மேடமிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.